பெட்டைக் குட்டியின் விலை

“கடுவன் குட்டி நாப்பதாயிரம் சோம். பெட்டை மட்டும் ஏம்ப்பா பத்தாயிரம்? ரெண்டுக்கும் நாலு காலுதானே?”

“கால்ல என்னடி இருக்கு? கடுவனை அவுத்து விட்டுட்டு நிம்மதியாத் தூங்கலாம். பெட்டையை அப்படி விட முடியாது.”

“ஏன், யாரையாவது கடிச்சிடுமா?”

“உன்னை மாதிரி வாயாடியா இருந்தா கடிக்கும்.” அப்பா சிரித்தார். “வருஷத்துல ரெண்டு தடவை, மூணு மூணு வாரம் பெட்டையைப் பூட்டி வைக்கணும். அதுல ஒண்ணு சரியா நரி வேட்டை நேரத்துல வந்து நிக்கும். அந்தச் சமயத்துல ஒரு ராத்திரி வெளியே போய்த் தெருநாயோட சேர்ந்துச்சுன்னு வை, போச்சு. அந்த வயிறு அதை மறக்காது. அப்புறம் நம்ம தைகன் சாதியில எத்தனை நல்ல கடுவனோட சேர்த்தாலும், ஈத்துக்கு ஈத்து தெருநாய் சாடை வந்துக்கிட்டே இருக்கும். வாங்குறவன் அந்தப் பயத்தைக் கழிச்சுக்கிட்டுத்தான் விலை சொல்வான்.”

“கடுவன் தெருநாயோட போனா?”

“போனா என்ன? பசிச்சா வந்துடும்.”

எனக்கு அப்போது ஒன்பது வயது. அட்-பாஷியில் எங்கள் வீட்டு முற்றத்தில் வேட்டைநாய்க் குட்டிகளுக்கு ஆட்டுவால் கொழுப்பு போட்ட கஞ்சியை ஊற்றிக்கொண்டே இதைப் பேசினோம். எனக்கும் சிரிப்பு வந்தது.

பத்தொன்பது வயதில் நரின் நகரத்தில் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்ற என்னை எர்மெக்கும் அவன் சினேகிதர்கள் மூன்று பேரும் காருக்குள் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். அதற்கு முன் அவனிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் வீட்டுப் பெண்கள் மாறி மாறி மல்லுக்கட்டி, கல்யாணம் முடிந்ததற்கு அடையாளமான வெள்ளை முக்காட்டை என் தலையில் கட்டினார்கள்.

காலையில் அப்பா வந்தார். கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்தே விட்டேன். அவர் வாசற்படியிலேயே நின்று, “ராத்திரி இங்கேதானே இருந்தே?” என்று கேட்டார். தலையசைத்தேன். அவர் முக்காட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. உட்கார்ந்து தேநீர் குடித்தார். மன்னிப்புக்கென்று அவர்கள் கொடுத்த கிடாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று நான் கேட்கவில்லை.

மூன்று வருடங்கள் ஆயின. எர்மெக் குடித்தால் கை நீட்டுவான். குடிக்காத நாளில் வீட்டில் பேச்சே இருக்காது. இரண்டு முறை அம்மா வீட்டுக்குப் போனேன், மாமியார் துணையோடு. கேட்க நினைத்தது இரண்டு முறையும் என்னோடேயே திரும்பி வந்தது.

போன மாதக் கடைசியில் அம்மா போன் செய்தாள். “சிர்கா, அப்பா குமுஷைச் சுடப் போறார்டி. நீ சொன்னாத்தான் கேப்பார். ஓடி வா.”

குமுஷ் நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த பெட்டை. அதைப் பூட்டி வைத்திருந்த சமயத்தில் அம்மா வைக்கோல் எடுக்கப் போனபோது கேட்டைச் சாத்த மறந்திருக்கிறாள். குமுஷ் மறுநாள்தான் திரும்பி வந்ததாம். ஐந்து வாரத்துக்கு முன் ஆறு குட்டி போட்டது. ஆறும் ஆட்டிறைச்சிக் கடைக்காரரின் மஞ்சள் நாயேதான்.

எர்மெக் என்னை அம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, “நாலு மணிக்கு வருவேன். தயாரா நில்லு,” என்று சொல்லிப் போனான். முதல் முறையாக மாமியார் துணைக்கு வரவில்லை.

உள்ளே கராக்கோலிலிருந்து குட்டி வாங்க வந்த ஷர்ஷென் ரொட்டியைப் பிய்த்துத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

“சும்மா குடுத்தாலும் வேண்டாம் ஜுமாதில் அண்ணே,” என்றார் அப்பாவிடம். “அடுத்த ஈத்துலயும் இந்த மஞ்சக் காதுதான் எட்டிப் பார்க்கும்.”

“வராது,” என்றேன். “ஒவ்வொரு ஈத்தும் தனித்தனி. பழசு எதுவும் வயித்துல தங்காது.”

“அட, டாக்டரம்மா! படிப்பை எங்கே முடிச்சே மகளே? எர்மெக் வீட்டு அடுப்படியிலயா?”

அவரே சொல்லி அவரே சிரித்தார். அம்மா கெண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அப்பா சுவரிலிருந்து துப்பாக்கியை எடுத்தார்.

ஓடைக்கரை வரை பின்னாலேயே ஓடினேன். ஓடை உறைந்து கிடந்தது. குமுஷ் வேட்டைக்குத்தான் போகிறோம் என்று நினைத்துத் துள்ளிக்கொண்டு வந்தது.

“அப்பா, அந்த ஆள் சொன்னது பொய். நான் படிச்சிருக்கேன். சத்தியமா பொய்.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“உங்கம்மாவைக் கட்டின வருஷம், என்கிட்ட இருந்த பெட்டை மலைக்கு அந்தப் பக்கத்து மேய்ச்சல்காரன் நாயோட போச்சு. குட்டிங்களை யாருக்கும் தெரியாம ஓடையில விட்டேன். அடுத்த வருஷம் ஒன்பது குட்டி. ஒண்ணுல ஒரு குறை சொல்ல முடியாது. அந்த வழியில வந்ததுதான் இவளும்.” குமுஷின் கழுத்துக் கயிற்றை ஒரு முளையில் கட்டினார். “ஆனா அது யாருக்கும் தெரியாது. இது ஊருக்கே தெரிஞ்சு போச்சு. இவளை வெச்சிருந்தா என் பட்டியில ஒரு குட்டியையும் எவனும் தொட மாட்டான்.”

“பொய்னு தெரிஞ்சுமா?”

“எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?”

குமுஷ் அவர் கையை நக்கியது. என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். நான் திரும்பவில்லை.

ஒரே குண்டு. பனிக்கட்டிக்கு அடியில் நீர் ஓடும் சத்தம் அப்புறம்தான் காதில் விழுந்தது. அப்பா துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தார். கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார், முடிச்சு இறுகிக் கிடந்தது. நான் குனிந்து அவிழ்த்தேன். குமுஷின் காது இன்னும் சூடாக இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் எர்மெக் வீட்டு வாசற்படியில் நின்றபோதும் இவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மகள் மேல் குற்றமில்லை என்று நன்றாகத் தெரிந்துதான் தேநீரைக் குடித்திருக்கிறார்.

வீட்டுப் பக்கமிருந்து காரின் ஹாரன் இரண்டு முறை கேட்டது. நாலு மணி.

“போ,” என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி. “மாப்பிள்ளை காத்துக்கிட்டிருக்கார்.”

ஹாரன் மறுபடி ஒலித்தது. நான் அவர் முன்னால் மண்டியிட்டு, முக்காட்டை அவிழ்த்தேன். அவர் முகத்தைப் பார்க்கும்வரை காத்திருந்தேன்.

“என்னை அங்கே திரும்ப அனுப்பாதீங்கப்பா. நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”