சுவர் எடுத்த கூடம்

தையற்காரருக்குத் தன் அக்காவிடம் யோசனை கேட்பதென்றால் வேப்பங்காயைக் கடித்த மாதிரி. அக்கா கட்டடப் பொறியாளர்; சாரத்தில் ஏறி இறங்கியே தலை நரைத்தவள். எதைச் சொன்னாலும் அவள் வாயிலிருந்து ஒரு "ஆனா" வரும். அதனால்தான் தையல் வகுப்புக்காகக் கூடத்தையும் பக்கத்து அறையையும் ஒன்றாக்க நினைத்தபோது, அவர் அக்காவை விட்டுவிட்டு 'ஆகட்டும்' மேஸ்திரியைக் கூப்பிட்டார். எது கேட்டாலும் ஆகட்டும் என்பதால் அந்த மனிதருக்கு அதுவே பெயராகிவிட்டது.

மேஸ்திரி நடுச்சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"எடுத்துடலாமா?"

"ஆகட்டும்."

அது பழைய வீடு. ஒரு பக்கச் சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை வரிசையாக மரச்சட்டங்கள். அவற்றின் அடியில் பலகை அடித்து வெள்ளை பூசியிருந்தது. மேலே, கூரைக்குக் கீழே, ஆள் குனிந்து போகிற உயரத்துக்குப் பரண். அந்தச் சட்டங்கள் இத்தனை காலமும் நடுச்சுவரின்மேல் இளைப்பாறிக்கொண்டிருந்தன என்பது இருவருக்குமே உறைக்கவில்லை.

சுவர் போனதும் அறை கண்ணை நிறைத்தது. நீண்ட வெட்டுமேசை வந்தது. மெஷின்கள் ஜன்னலோரம் வரிசை கட்டின. இடம் அடைக்கிறதே என்று துணிப் பொதிகளைப் பரணில் ஏற்றினார். மனைவி வகுப்பெடுக்க, அவர் தைத்துத் தள்ள, வீட்டில் எப்போதும் பேச்சும் சிரிப்பும். அக்கா வந்து பார்க்கவேண்டும் என்று உள்ளூர ஆசை.

அக்கா வந்தாள். மேசையைப் பார்க்கவில்லை, மெஷினைப் பார்க்கவில்லை. வாசலில் நின்றபடியே மேலே பார்த்தாள்.

"இங்க ஒரு சுவர் இருந்துதே தம்பி?"

"எடுத்தாச்சு. எப்படி இருக்கு?"

"நடுவுல தொங்குது, தெரியலையா? பத்தடிக்குப் போட்ட சட்டம் இப்ப இருபதடி தாண்டுது. நீளம் ரெண்டு மடங்கு ஆனா தொங்கறது ரெண்டு மடங்கோட நிக்காது, பதினாறு மடங்காகும். மேல என்ன வச்சிருக்க?"

"துணிதான்."

"துணி கனமில்லையா? முதல்ல அதை இறக்கு. அடியில ஒரு இரும்பு உத்தரம் கொடுத்து, நடுவுல ஒரு தூண் நிறுத்தணும்."

தூண் வரப்போகும் இடத்தில்தான் வெட்டுமேசை நின்றது. பாடம் கேட்க வந்த பெண்கள் ஊசியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வராதாக்கா? சின்ன வயசுலேருந்து நான் எது செஞ்சாலும் நொட்டை சொல்லணும் உனக்கு."

"நொட்டை இல்லடா. பயமா இருக்கு."

பயமா இருக்கு என்று அக்கா சொல்லி அவர் அதுவரை கேட்டதில்லை. ஆனால் அப்போது அது காதில் ஏறவில்லை. "இது உன் சைட் இல்ல. என் வீடு," என்றார். அக்கா டீயைத் தொடாமல் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் போன் வந்தது. "முட்டுக் கொடுக்க ஜாக்கி எடுத்துட்டு வரேன். நீயும் இருந்தா பொதியெல்லாம் சீக்கிரம் இறக்கிடலாம்."

"எனக்கு வேலை இருக்கு," என்று வைத்துவிட்டார். இரண்டு ரவிக்கையைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியிருந்தது உண்மை. அது முடிய எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது? முடித்துவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் வந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு டீ. இன்னும் போயிருக்கமாட்டாள் என்று இன்னொரு டீ.

வீட்டில் ஜாக்கி வாசலோடு கிடந்தது; அதைத் தூக்கத் தம்பி மனைவிக்குப் பலம் போதவில்லை. அக்கா பரண் பலகையின்மேல் கால் வைக்கவில்லை. சுவரோரம் ஏணி சாத்தி, அதில் நின்றபடியே கைக்கெட்டிய பொதிகளை ஒவ்வொன்றாக இழுத்து இறக்கினாள். தம்பி மனைவி ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாங்கினாள். "அவர் வரட்டும் அண்ணி," என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "அவன் எங்க வரப்போறான்," என்றாள் அக்கா. பெரிய பொதி ஒன்று உள்ளே தள்ளிக் கிடந்தது. அதைக் கொக்கி போட்டு இழுத்தபோதுதான் நடுச்சட்டம் ஒன்று முறிந்தது. பலகை சரிந்தது, பொதி ஏணியை அடித்துச் சாய்த்தது.

தெருமுனையில் திரும்பும்போதே வாசலில் கூட்டம் தெரிந்தது. உள்ளே ஓடினார். புழுதிக்கு நடுவில் அக்கா ஒருக்களித்துக் கிடந்தாள். மனைவி அவள் தலையை மடியில் வைத்திருந்தாள். "எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை.

இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். நடக்கலாம், சாரம் ஏறுவதை மட்டும் மறந்துவிட வேண்டும் என்றார் டாக்டர். அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை என்பதுபோல அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தையற்காரர் கட்டிலருகில் உட்கார்ந்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவளே பேச்சை எடுத்தாள்.

"அந்தச் சட்டத்துல கணு இருந்திருக்கும், அந்த இடத்துல மரத்துக்குப் பலம் கம்மி. முட்டு கொடுத்துட்டுத்தான் பொதியில கை வச்சிருக்கணும். அவசரப்பட்டுட்டேன்."

"நான் இருந்திருந்தா..."

"ஜாக்கியைத் தூக்கி நிறுத்த ரெண்டு ஆள் வேணும்டா," என்றாள் அக்கா. குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. சிமென்ட் இத்தனை மூட்டை வேண்டும் என்பதுபோலச் சொன்னாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

படுக்கையிலிருந்தே அக்கா உத்தரத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தாள். வேலைக்கு வேறு மேஸ்திரி வந்தார். "இவ்வளவு கனம் எதுக்கு? இதுல பாதி போதும்," என்றார் அவர். "அக்கா சொன்ன அளவு. ஒரு நூல்கூடக் குறையக்கூடாது," என்றார் தையற்காரர். தூண் அறையின் நடுவில் எழுந்தது. வெட்டுமேசையை இரண்டாக அறுத்தார்கள்.

அக்காவுக்கு இப்போது அலுவலகத்தில் நாற்காலி வேலை. ஞாயிறுதோறும் தையற்காரர் அவளைப் பார்க்கப் போகிறார். விலைவாசி, முழங்கால் வலி, பிள்ளைகளின் படிப்பு என்று பேச்சு ஓடும். டீக்கடையில் உட்கார்ந்திருந்ததைச் சொல்லிவிடவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டு போவார். அக்கா கைத்தடியை ஊன்றி எழுந்து, "இருடா, ஏதாவது சாப்பிட்டுப் போ," என்பாள். அதோடு அன்றைக்கும் சொல்லாமல் திரும்பிவிடுவார்.