ஒரு கட்டை மாறிய கச்சேரி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜாஸ் பியானோ பற்றிக் கதை எழுதப்போகிறேன் என்று ஒரு கல்யாணப் பந்தியில் வாயை விட்டுவிட்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: எனக்குத் தெரிந்தது 1979ஆம் வருஷத்து மதுரை. அங்கே ஜாஸுக்கு எங்கே போவது?

மழை பெய்துகொண்டிருந்த அந்த மாலையில்... (வேண்டாம். அன்றைக்கு மண்டையைப் பிளக்கும் வெயில்.)

ஹாலாஸ்யம் இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. சாயங்காலங்களில் வெள்ளைத்துரையின் மெல்லிசைக் குழுவில் பியானோ. (அவர்கள் வாசிக்கும் மில் கிளப்புக்குப் பியானோ எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். வெள்ளைக்காரன் விட்டுப்போனது.) வெள்ளைத்துரைக்கு ஒரே கொள்கை: பாட்டு ரெக்கார்டில் இருப்பது போலவே மேடையிலும் கேட்க வேண்டும். ஹாலாஸ்யத்துக்கோ ரேடியோவில் கேட்ட ஜாஸ் மேல் பித்து. கை அடிக்கடி வழி மாறிவிடும். மில் ஆண்டு விழாவன்று மேடை ஏறும் முன்பே வெள்ளைத்துரையின் எச்சரிக்கை வந்தது.

"சாமி, இன்னைக்கு ஒரு கட்டை மாறுனாலும் நாளையிலருந்து வேற ஆளு. சொல்லிப்புட்டேன்."

2

மாறியது. இரண்டாவது பாட்டின் நடுவில், கறுப்புக் கட்டைக்குப் போக வேண்டிய விரல் பக்கத்து வெள்ளைக் கட்டையில் விழுந்தது. வெள்ளைத்துரை திரும்பி முறைத்தார்.

ஹாலாஸ்யத்துக்கு வேர்த்துவிட்டது. இந்தக் குழுவை விட்டால் அவருக்கு வேறு பியானோ கிடையாது. (இங்கே அவர் மன்னிப்புக் கேட்பதாக எழுதி அடித்துவிட்டேன்.) வேண்டுமென்றே செய்ததாகக் காட்டிக்கொள்ள அதே கட்டையை இன்னொரு தடவை அழுத்தினார். மூன்றாம் தடவை அதிலிருந்து புதிதாக ஒரு மெட்டு கிளம்பியது.

"விடாதீங்கண்ணே!" என்று டிரம்ஸ் முத்திருளன் கூடச் சேர்ந்துகொண்டான். பாட வேண்டிய அகிலாண்டம் டீச்சர் மைக்கை இறக்கிவிட்டுத் தலையாட்டினார். அடுத்து எந்த விரல் எங்கே விழும் என்று ஹாலாஸ்யத்துக்கே தெரியவில்லை. அப்படி ஒரு சந்தோஷம் அவர் ஆயுசில் வந்ததில்லை. எனக்கும் அடுத்த வரி தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

3

முதலில் எழுதிய முடிவு: வெள்ளைத்துரை அவரைக் குழுவைவிட்டு... (பாதியில் நிறுத்திவிட்டேன். கூட்டத்தில் அத்தனை விசில் பறக்கும்போது யார் விலக்குவார்?)

இரண்டாவது: கட்டிப்பிடித்து அழுகை. (ரொம்ப சினிமா.)

மூன்றாவதாக வந்தது இது. மேடைக்குப் பின்னால் வெள்ளைத்துரை ஓடிவந்தார்.

"அசத்திப்புட்டீங்க சாமி! நாளைக்குக் கச்சேரிக்கு மில் முதலாளி வாராரு. இதையே வாசிங்க. ஒரு கட்டை மாறக் கூடாது."

"என்ன வாசிச்சேன்னு எனக்கே ஞாபகம் இல்லையே அண்ணே!"

"அதெல்லாம் தெரியாது. அச்சு அசல் இதே வேணும். இல்லைன்னா வேற ஆளு."

ஹாலாஸ்யத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

4

மறுநாள். முன்வரிசையில் முதலாளி. ஹாலாஸ்யம் வாசிக்கக் கைகளைக் கட்டைகளுக்கு மேலே தூக்கிவிட்டார். என்னிடம் ஒரு முடிவு தயாராக இருக்கிறது. அதை உங்களிடம் கொடுத்து அப்படியே வாசிக்கச் சொன்னால் நானும் இன்னொரு வெள்ளைத்துரைதான். முதல் கட்டையை நீங்கள் அழுத்துங்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.