ஏழாவது யன்னல்

அந்த விமானத்துக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. பயணிகளை ஏற்றிப் பறந்த முதல் தலைமுறை ஜெட் விமானங்களில் ஒன்று. ஹம்பேர்க்கில் ஒரு கொட்டகையில் வைத்து அதைச் சீராட்டிய சங்கத்துக்கு விபரீதமான ஓர் ஆசை வந்தது. சனிக்கிழமை விழாவில் நாற்பது பேரை உள்ளே இருத்தி, கதவை அடைத்து, அந்தக் காலப் பயணிகளுக்குக் காது அடைத்ததுபோல அடைக்கும்வரை காற்றை ஏற்றுவதாம். பறக்கவா போகிறது, பிறகென்ன பயம் என்றார்கள்.

உலோகத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போடவேண்டிய பிரபாலினிக்குப் பயம் இருந்தது. முதன்முதலில் வந்த ஜெட்கள் சில நடுவானில் உடைந்து விழுந்த கதை அவளுக்குப் பாடம். அதே வகை விமானம் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துக் காற்றை ஏற்றி இறக்கிப் பார்த்தபோது, யன்னல் மூலையில் வெடித்தது. பிறகுதான் யன்னல் மூலைகளை நன்றாக வளைத்துக் கட்டினார்கள். இந்த விமானத்தில் எல்லாம் வளைந்தவைதான். ஆனாலும் வயது வயதுதானே.

வெள்ளிக்கிழமை ஒவ்வொரு யன்னல் மூலையிலும் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி விசிறினாள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன சாயம் பொடியில் சிவப்பாக ஊறி வரும்.

அங்கே துப்புரவு வேலை செய்தவர் அவளுடைய அப்பா முருகேசு. புது வாகனம், பழைய வாகனம் என்ற பேதம் அவருக்கில்லை. காலையிலேயே முன்சில்லுக்குக் கீழே தேசிக்காயும், விமானத்தின் மூக்கில் திருநீறும் குங்குமமும் வைத்துவிட்டார்.

ஏழாவது யன்னல் மூலையில் நகமளவு சிவப்பைக் கண்டதும் பிரபாலினிக்குச் சிரிப்பு வந்தது. அப்பா பக்கத்தில் தூசி உறிஞ்சும் மெஷினை இரைய விட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, இந்த யன்னலுக்கும் பொட்டு வச்சனீங்களோ?"

"ஓம், ஓம்!"

"துடைச்சு விடுங்கோ!"

துடைத்துவிட்டார். அவள் திரும்பச் சோதித்திருக்க வேண்டும், சோதிக்கவில்லை. சங்கத்துச் செயலாளர் மூன்றாம் தடவையாகப் பத்திரத்தோடு வந்து நின்றார். கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை கதவு அடைபட்டது. காற்று ஏறத் தொடங்கியது. வெளியே காற்றின் அழுத்தம் காட்டும் அமுக்கமானியைப் பார்த்து நின்றவளுக்கு, நாற்பது பேரில் ஒருவராக உள்ளே இருந்த அப்பா போன் எடுத்தார்.

"பிள்ளை, காது அடைக்குது! ஏழாவது யன்னலடியில இருக்கிறன்."

"உங்கட பொட்டு வச்ச யன்னல்தானே, காப்பாத்தும்."

"யன்னலுக்கு ஆர் பொட்டு வைக்கிறது? மூக்கில மட்டும்தான் வச்சனான்."

"நேற்றுக் கேக்க ஓம் எண்டனீங்கள்!"

"மெஷின் சத்தத்தில ஒண்டும் விளங்கேல்லை. நீ கத்தினாய், ஓம் எண்டனான்."

முருகேசுவின் ஓமுக்குச் சரி என்றும் பொருள், சத்தம் கேட்டது என்றும் பொருள். முப்பது வருடமாக அதைக் கேட்டு வளர்ந்தவள் மறந்துபோனாள். ஓடிப்போய்க் காற்றை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தாள். இரைச்சல் மெல்ல இறங்கியது. செயலாளர் கத்தினார். அவள் கதவு திறக்கும்வரை அந்த மூலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எல்லோரும் இறங்கிய பிறகு மறுபடி சாயம் பூசித் துடைத்து, பொடி விசிறினாள். அப்பா பக்கத்தில் வந்து நின்றார். சிவப்பு மெல்ல ஊறி வந்தது. நேற்று நகமளவு இருந்தது, இன்று ஒரு விரல் நீளம்.

பழக்கதோஷத்தில் முருகேசு துணியை நீட்டினார்.

"தொடாதேங்கோ அப்பா," என்றாள்.