இடது சக்கரத்துத் துரு

1

இந்தக் கதை என் மனைவி போட்ட ஒரு சத்தத்தில் பிறந்தது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தவள், "ஐயோ, ஸ்டியரிங் கையை உதறுதே!" என்று கத்தினாள். பிரேக் டிஸ்க் மாற்றி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மாற்றியது அவள் தம்பி, அவனுடைய சொந்தப் பட்டறையில்.

இதை எழுத நான்கு முறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அலுத்துவிட்டது. முதல் வரைவின் தொடக்கம்: "அவசரக்காரனான என் மச்சான்..." [அடித்துவிட்டேன். முடுக்கிய நட்டை மறுபடி தொட்டுப் பார்க்கிறவன் அவசரக்காரனா?]

2

மச்சான் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான்.

"பிரேக் போட்டாதான் ஆடுது, அப்போ வீல் பேலன்ஸ் கோளாறு இல்ல. சீட்டு ஆடல, ஸ்டியரிங்தான் ஆடுது. முன்பக்கம்தான்கா."

நட்டுகளின் இறுக்கம் சரியாக இருந்தது. இடது டிஸ்க்கில், கோணலை அளக்கும் டயல் கேஜை வைத்துச் சுழற்றினான். முள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. டிஸ்க்கைக் கழற்றினான். அது உட்காரும் ஹப்பில்* நகத்தளவு துருப்பொருக்கு. அதன்மேல் கோணலாக உட்கார்ந்த புது டிஸ்க், மூன்று வாரத்தில் ஏறுமாறாகத் தேய்ந்திருந்தது.

மச்சான் பொருக்கைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"என் தப்புதான்கா."

"தினமும் அந்த இறக்கத்துல போறவடா நான்! கூடப்பொறந்தவளுக்கே இப்படியா? இனிமே என் வண்டியத் தொடாத."

நான் குனிந்து, கீழே கிடந்த நட்டுகளை எண்ணினேன்.

(* புது டிஸ்க் போடுமுன் ஹப்பைப் பளபளவென்று தேய்த்தெடுப்பது அவன் பட்டறைச் சட்டம். இந்தக் குறிப்பு கதைக்குத் தேவை. எனக்குத்தான் தேவையில்லை.)

3

நான்கு வரைவும் ஒரே வாக்கியத்தில் நின்றுபோயின: "இடது சக்கரத்துக்கு அன்று"

சரி, எழுதித் தொலைக்கிறேன். இடது சக்கரத்துக்கு அன்று டிஸ்க் மாட்டியவன் நான். கூடமாட ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று போயிருந்தேன். கம்பி பிரஷ்ஷைக் கொடுத்துவிட்டு அவன் வலது பக்கம் போனான். நாலு தேய்ப்பில் எனக்குத் தோள் விட்டுப்போனது.

"பளபளன்னு வந்துச்சா மாமா?"

"வந்துடுச்சு மச்சான்."

தன் கை முடுக்கிய நட்டையே இரண்டு தரம் பார்க்கிறவன், என் வார்த்தையைச் சோதித்துப் பார்க்கவில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

4

முடிவு, ஒன்று: மனைவி எல்லாம் தெரிந்து சிரித்துவிடுகிறாள். [பொய்.]

முடிவு, இரண்டு: மச்சான் வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறான். [இரண்டு மாதமாக வரவில்லை. அன்றே வேறு டிஸ்க் போட்டுக் கொடுத்தான். ஸ்டியரிங் இப்போது அசைவதில்லை. அவன் தட்டு அலமாரியிலேயே இருக்கிறது.]

முடிவு, மூன்று: நான்

நான் எழுதுவதை முதலில் படிப்பவள் மனைவிதான். பிழை திருத்துவதும் அவளே. இதோ, அடுத்த அறையிலிருந்து குரல் வருகிறது: "முடிச்சாச்சா? குடுங்க, கையோட பாத்துடறேன்."

மூன்றாம் பகுதி தனித்தாளில் இருக்கிறது. அதையும் இந்த வரிகளையும் உருவிவிட்டாலும் கதை நிற்கும், படித்துப் பார்த்துவிட்டேன்.

உங்களுக்கு நான்கு பகுதியும் கொடுத்துவிட்டேன். அவளுக்கு எத்தனை கொடுத்தேன் என்பதை நீங்களே சொல்லுங்கள்.