இடியப்பத்துக்கு ஒரு நல்ல நாள்

ஞாயிற்றுக்கிழமைகளில் விமானத்தில் நாலு மணி நேரம் தள்ளியுள்ள கல்கரியிலிருந்து அட்சயா எடுக்கும் அழைப்பு எப்போதும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும்.

“இடியப்பம் எப்பிடி, அப்பா?”

இடியப்பம் ஒரு வெள்ளைக் குதிரை. அதன் பிடரிமயிர் பிழிந்துவிட்டதுபோலச் சிக்கிக் கிடந்ததால் அட்சயா சிறுமியாக இருந்தபோது வைத்த பெயர் அது. கலியாணங்களுக்கும் பெண்பிள்ளைகளின் பூப்புச் சாமத்தியவீடுகளுக்கும் வண்டி இழுத்த காலத்தில், வந்தவர்கள் சிரிக்கக்கூடாதென்று அவளுடைய அப்பா நவரட்ணம் அதை லட்சுமி என்றே அறிமுகம் செய்வார்.

இப்போது அது எதையும் இழுப்பதில்லை. குளம்புக்குள் வரும் அழற்சி சில வருடங்களாகப் போவதும் வருவதுமாக இருந்தது. இனிப்பைக் கண்ணிலும் காட்டக்கூடாது என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். இந்த வசந்தத்தில் குளம்புக்குள் எலும்பே திரும்பிவிட்டது. ஸ்ரௌவ்வில்லின் புதுவீடுகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில், வாடகைக்கு எடுத்த லாயத்தில், அது பெரும்பாலும் படுத்தே கிடந்தது. இனி வலி குறையாது, ஊசி போட்டு அனுப்பிவிடலாம், எந்த நாள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார் வைத்தியர்.

நவரட்ணம் பஞ்சாங்கத்தை எடுத்தார். செவ்வாய் ஆகாது. பிறகு அட்டமி, நவமி. சனிக்கிழமைச் சாவு வேண்டவே வேண்டாம். அப்படியே இரண்டு கிழமை போயிற்று.

“கலியாணத்துக்கு நாள் பாக்கிற மாதிரியெல்லோ பாக்கிறியள்,” என்றாள் மனைவி சந்திரவதனா. “உங்கட நல்ல நாள் வருமட்டும் அது நோகாமல் கிடக்குமோ?”

அவர் பயந்தது நாளுக்கல்ல. அட்சயா வீட்டுக்கு வந்து மூன்று வருடம். கோபதாபம் ஒன்றுமில்லை, வேலை, தூரம். குதிரையும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை அவள் எதைக் கேட்பாள்? அதனால் ஒவ்வொரு முறையும் “நல்லா நிக்குது” என்றே சொல்லிவந்தார். “அப்ப சமர் லீவுக்கு வாறன்,” என்பாள். அவள் வயலைக் கடந்து லாயத்துக்கு நடந்து வருவதை அவர் அந்தக் கிழமை முழுக்க நினைத்துக்கொண்டிருப்பார்.

திங்கள் காலை அவரைக் கண்டதும் இடியப்பம் எழும்பப் பார்த்தது. முன்னங்கால்களை நீட்டி ஊன்றியது. முடியாமல் சரிந்து முனகியது. அவர் வைக்கோலில் இருந்தபடியே மகளுக்கு அழைத்தார்.

“இடியப்பம் எழும்புதில்லைப் பிள்ளை.”

“நேற்றும் நல்லா நிக்குது எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“சொன்னனான்.”

“வெள்ளி இரவு ஃபிளைற் எடுக்கிறன். அதுமட்டும் வெயிற் பண்ணலாமோ?”

நாள் குறித்து அவள் வருகிறேன் என்பது, மூன்று வருடமாக அவர் கேட்கக் காத்திருந்த சொல். ஓம் என்றால் போதும். குதிரையின் மூச்சு அவருடைய மணிக்கட்டில் சுட்டது.

“இல்லைப் பிள்ளை. நாளைக்கே செய்விக்கிறன்.”

“நாளைக்குச் செவ்வாய்.”

“ஓம். செவ்வாய்தான்.”

அடுத்த நாள் காலை வைத்தியர் ஊசியை ஆயத்தம் செய்துகொண்டே, இன்றைக்கு அது எதையும் சாப்பிடலாம் என்றார். றிச்மண்ட் ஹில் கோயிலில் கொடுத்த இரண்டு லட்டு, பேப்பரில் சுற்றியபடி நவரட்ணத்தின் கோட்டுப் பையில் இருந்தது. இடியப்பம் இரண்டையும் தின்றுவிட்டு அவருடைய உள்ளங்கையை நக்கியது. நக்கி முடியும்வரை கையை அவர் எடுக்கவில்லை. பிறகு அதன் தலையை மடியில் தாங்கிக்கொண்டார்.

அட்சயா அந்த வெள்ளி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி வழக்கம்போல அடித்தது.

“கடைசியா என்ன சாப்பிட்டது?” என்றாள் அட்சயா.

“லட்டு. ரெண்டு.”

“அதுக்கு இனிப்புக் கூடாதெல்லோ.”

“டொக்டர்தான் குடுக்கலாம் எண்டவர்.”

“நீங்களும் சாப்பிட்டனீங்களோ?”

“அதில கிள்ளி ஒரு துண்டு.”

“உங்கட சுகர் எவ்வளவு நிக்குது?”

“நல்லா நிக்குது.”

“குதிரைக்கும் உப்பிடித்தான் சொன்னனீங்கள். சுகர் பாக்கிற மெசினை எடுங்கோ அப்பா, நான் லைனில நிக்கிறன்.”

நவரட்ணம் தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே எழும்பி, மெசினைத் தேடத் தொடங்கினார்.