ஓபோ கொடுத்த சுருதி

எங்கள் மாநில இளையோர் இசைக்குழுவில் மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பாவில் தனி வாசிப்பு மொஹாபிக்கு. அந்தத் திமிரில், கச்சேரிக்கு முன் மக்வின்யா என்ற பொரித்த மாவுருண்டை தின்ற எண்ணெய்க் கையால் என் ஓபோ குழலின் சீவாளியைப் பிடுங்கி நுனியை முறித்தான்.

“வாத்துக் குழல்தானே மொசா, எப்படி ஊதுனாலும் குவாக்குதான்!” என்று என்னைப் பார்த்து இளித்தான்.

“கையை எடுடா நாயே!” என்றேன்.

வேறு சீவாளி இல்லை. முறிந்த நுனியை நறுக்கினேன். சீவாளி குட்டையானால் சுருதி ஏறும். ஓபோ கொடுக்கும் சுருதிக்குத்தான் குழு மொத்தமும் சேர வேண்டும், ஏற்றியே கொடுத்தேன். வயலின்காரர்கள் தந்தியை முறுக்கிச் சேர்ந்துகொண்டார்கள்.

மரிம்பாவின் மரக்கட்டையை எங்கே போய் முறுக்குவது? அவன் அடித்ததெல்லாம் அபஸ்வரமாக விழுந்தது. சபை நெளிந்தது.

மேடையிலிருந்து இறங்கியவனிடம் கேட்டேன்: “நாங்க எல்லாரும் சுருதி சேர்ந்துதானே வாசிச்சோம், உன் கட்டை மட்டும் ஏன்டா குவாக்குன்னு கத்துச்சு?”