பதின்மூன்றாவது ஃபாரம்

வேட்டி முடிச்சை அவிழ்த்தபோது, யூரியா பையைக் கத்தரித்துச் செய்த உறை ஒன்று கீழே விழுந்தது. குளிப்பாட்டும் தண்ணீர் அதை நோக்கி ஓடியது. முனியன் அதைக் காலால் ஒதுக்கினார்.

"காலால தள்ளாத சித்தப்பா," என்று தங்கமணி குனிந்து எடுத்தாள்.

"இப்ப பொஸ்தவம்தான் கொறச்சலு," என்றார் முனியன். இறந்துபோன அண்ணனின் தலையில் அடுத்த குடத்தை ஊற்றினார்.

உறைக்குள் பதினாறு பக்கம் இருந்தது. முதல் பக்கத்தின் அடியில், ஓரமாக, பொடி எழுத்தில் 12 என்று அச்சடித்திருந்தது. அவ்வளவு நேரம் அப்பா வண்டியில் புரண்டும் தாள் கசங்கவில்லை. தங்கமணி அதை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

அப்பா காசிநாதன் எந்தப் புத்தகத்தையும் முழுசாக வைத்திருந்ததில்லை. கரும்பு வெட்டுக்கு வருவதற்கு முன் கள்ளக்குறிச்சியில் ஓர் அச்சகத்தில் இரண்டு வருஷம் தாள் மடித்தவர் அவர். ஒரு பெரிய தாளில் இந்தப் புறம் எட்டுப் பக்கம், அந்தப் புறம் எட்டுப் பக்கம் அச்சாகும். பாதி தலைகீழாகக் கிடக்கும், எண்கள் தாறுமாறாக இருக்கும். மூன்று தடவை மடித்தால் பதினாறும் தானாக வரிசைக்கு வந்துவிடும். அதற்குப் பெயர் ஃபாரம்; எத்தனையாவது ஃபாரம் என்பது அதன் முதல் பக்கத்தின் அடியில் பொடியாக இருக்கும். தங்கமணி சின்னப் பெண்ணாக இருந்தபோது பழைய காலண்டர் தாளில் எண் எழுதி, மடித்து மடித்துக் காட்டியிருக்கிறார். ஃபாரங்களை அடுக்கி, ஓரத்தில் இரண்டு கம்பி அடித்து, முதுகில் பசை தடவி அட்டையை ஒட்டினால் மலிவுப் பதிப்பு தயார். பிரிப்பதும் சுலபம். முதுகில் அரை மணி ஈரத்துணி போட்டால் அட்டை கழன்றுவிடும். கம்பியை நிமிர்த்தி இழுத்தால் ஃபாரங்கள் ஒவ்வொன்றாகக் கையோடு வரும்.

இந்த ஆனி மாதம் அப்படித்தான் ஒரு நாவலைப் பிரித்தார். நூறு வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒரு தேசத்துக் கதை, தமிழாக்கம், செய்தித்தாள் காகிதம், இருநூற்று எட்டுப் பக்கம். பதின்மூன்று ஃபாரம். படிக்கிறவர்கள் ஐந்து பேர். கூலிவேலை முடித்துச் சிம்னி வெளிச்சத்தில் படிக்கிறவனுக்கு ஒரு ஃபாரம் ஒரு வாரம் பிடிக்கும். முழுப் புத்தகத்தை ஒருவர் முடித்து அடுத்தவருக்குக் கொடுத்தால் ஐந்து பேருக்கும் அறுபத்தைந்து வாரம் ஆகும். பிரித்துவிட்டால், முதல் ஆள் இரண்டாவது ஃபாரத்தை எடுக்கும்போதே அடுத்த ஆள் முதலாவதை எடுத்துவிடுவார். பதினேழே வாரத்தில் கடைசி ஆளும் முடித்துவிடலாம். நாலு வருஷமாக இப்படி எத்தனையோ புத்தகம். எல்லாரும் முடித்த பிறகு கோணி ஊசியால் தைத்துத் தகரப் பெட்டியில் வைத்துவிடுவார்.

வரிசையில் முதல் ஆள் தெய்வசிகாமணி. ஊர்க்காரர், இரண்டு ஏக்கர் குத்தகைக் கரும்பு வைத்திருப்பவர். இரண்டாவது காசிநாதன். மூன்றாவது தங்கமணி. அப்புறம் காலனியில் இன்னும் இரண்டு பேர்.

"நீ வாங்கின பொஸ்தவம், நீ ஏன் ரெண்டாவது?" என்று ஒருமுறை கேட்டாள்.

"ஊர்லேர்ந்து வர்றத காலனி தொடும். காலனிலேர்ந்து போறத ஊரு தொடுமா? அவன் பொண்டாட்டி வூட்டுக்குள்ள வுடாது."

தாள் மடிக்கிற கணக்கைச் சொல்வது போலவே அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இப்போது தங்கமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஃபாரம் கைமாறும் இடம் ஊருக்கும் காலனிக்கும் நடுவே, வடக்கனந்தல் சாலையில் இருந்த புளியமரத்தின் பொந்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெய்வசிகாமணி வைத்துவிட்டுப் போவார். பொழுது சாயும்போது காசிநாதன் எடுத்து வருவார். ஆள் நடமாட்டம் இல்லாத நாளில் இரண்டு பேரும் மரத்தடியில் நின்று கதை பேசுவதும் உண்டு. அப்போது 'டேய்', 'சிகாமணி', 'காசி' எல்லாம் தாராளமாக வரும். தூரத்தில் சைக்கிள் மணி கேட்டால் காசிநாதன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார்.

வியாழக்கிழமை அந்த மரத்தை ஊர்க்காரர்கள் வெட்டிச் சாலையில் சாய்த்தார்கள். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் மறியல். மலையடிவாரம் வரைக்கும் எந்தச் சாலையிலும் வண்டி ஓடவில்லை.

"கேக்கறது ஞாயந்தான்," என்றார் காசிநாதன் அன்று ராத்திரி. "அவனுங்க புள்ளைங்களும் படிச்சி வேலக்கிப் போவ வாணாமா? மரத்த வெட்டனதுதான் கஷ்டமாகீது."

மறுநாள் காலையில் கரும்புச் சோகை உரிக்கும்போது கண்ணாடி விரியன் அவரைக் கணுக்காலில் கடித்தது.

டயர் வண்டியில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். புளியமரத்தண்டை இருபது பேர் நின்றார்கள். மரம் சாலையை முழுசாக அடைக்கவில்லை என்பதைத் தங்கமணி வண்டியிலிருந்தே பார்த்துவிட்டாள். நுனிப் பக்கம், பள்ளத்தை ஒட்டி, ஒரு வண்டி போகிற இடைவெளி இருந்தது. அதில் வேலிமுள்ளை இழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு கவைக்கோல் இருந்தால் தள்ளிவிடலாம். இரண்டு நிமிஷ வேலை.

"பாம்பு கட்ச்சிருச்சிங்க. முள்ள மட்டும் நவுத்துங்க, போயிட்றோம்," என்றார் முனியன்.

"ஒருத்தனுக்கு வுட்டா எல்லாத்துக்கும் வுடணும்," என்றான் ஒருவன்.

அப்போதுதான் கோடாலியோடு நின்ற தெய்வசிகாமணியைப் பார்த்தாள். அப்பாடா என்றிருந்தது. அப்பாவும் பார்த்துவிட்டார். அவள் மடியிலிருந்து தலையைத் தூக்கினார். நாக்கு தடித்துப் போயிருந்தது.

"டேய் சிகாமணி," என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "கெழவன் கழுதய வித்துட்டானாடா?"

பன்னிரண்டாவது ஃபாரம் அங்கேதான் முடிகிறதாம். பஞ்ச காலம். வண்டிக்காரக் கிழவன் சந்தையில் கழுதையோடு நிற்கிறான். வியாபாரி கயிற்றுக்குக் கையை நீட்டுகிறான். இரண்டு நாளாக அப்பா அந்தக் கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மீதி இருந்த பதினாறு பக்கமும் தெய்வசிகாமணியிடம் இருந்தது.

இருபது பேரும் திரும்பினார்கள்.

"இன்னாய்யா இது, பேரு சொல்லிக் கூப்புடறான், டேய்ங்கறான்? யாரு இவன் உனுக்கு?"

தெய்வசிகாமணி கோடாலியின் காம்பைப் பார்த்தார். "தெர்ல," என்றார். பிறகு வண்டி ஓட்டி வந்த முனியனிடம், முகத்தைப் பார்க்காமல், "ஏரிக்கர வழியா சுத்திக்கினு போங்க," என்றார்.

ஏரிக்கரை, வண்டி போகிற வழி அல்ல. ஒரு பக்கச் சக்கரம் கரையிலும் ஒரு பக்கச் சக்கரம் சரிவிலுமாக, மாட்டை ஆள் பிடித்து நடத்த வேண்டியிருந்தது. மதகை எட்டுவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அங்கே அப்பாவின் தலை அவள் மடியில் கனத்தது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"அங்க யாரு வரான்னு பாரு," என்று, மறுநாள் குளிப்பாட்டிப் பாடையில் கிடத்திய பிறகு, முனியனின் குரல் கேட்டது. பறை ஒரு அடி தப்பி, நின்றது.

தெருமுனையில் வெள்ளைச் சட்டையோடு தெய்வசிகாமணி நின்றிருந்தார். நாலு வருஷத்தில் அவர் காலனிக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கையில் அதே மாதிரி இன்னொரு யூரியா பை உறை இருந்தது.

முனியன் குழி வெட்டிவிட்டு வந்த மண்வெட்டியை எடுத்தார். அம்மா குஞ்சம்மாள் புருஷனின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாம் முனியா. அவன் மேல கை பட்டா ராவிக்கு நம்ம வூடுங்கதான் எரியும்."

"அதுக்குன்னு வுட்டுடறதா அண்ணி?"

"நான் போறேன்," என்றாள் தங்கமணி.

அவர் உறையை நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை.

"தங்கமணி, நேத்து அத்தினி பேரு நடுவுல நானு..."

"அத வுடுங்க. அப்பா ஒண்ணு கேட்டாரு. அதுக்குப் பதிலு சொல்லுங்க."

"எல்லாம் இதுலயே கீது. நீயே படிச்சிக்க."

"எனுக்குப் படிக்கத் தெரியும். கேட்டது நான் இல்ல, அவுரு. அங்க வந்து அவுருகிட்ட சொல்லுங்க. நேத்து இருவது பேரு முன்னாடி கேட்டாரு. இன்னிக்கி இங்க அதவிட ஜாஸ்தியா கீறாங்க."

அவர் திரும்பிப் போய்விடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். போனால் கல்லை எடுத்து எறிவதற்கும் தயாராக இருந்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பின்னால் நடந்து வந்தார். ஆட்கள் விலகினார்கள். பாடையின் கால்மாட்டில் நின்றார். மஞ்சள் பூசிய முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"காசி," என்றார்.

"காதுல வுழல," என்றாள் தங்கமணி.

"காசிநாதா." "விக்கலடா. கயித்த திருப்பி வாங்கிக்கினு வூட்டுக்கு வந்துட்டான்."

தரையைப் பார்த்துச் சொன்னது அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது என்று தங்கமணிக்குத் தோன்றியது. அவள் மண்டியிட்டுப் பஞ்சு வைத்த காதருகே குனிந்தாள்.

"விக்கலியாம்பா."

எழுந்தபோது தெய்வசிகாமணி வாய்க்கரிசித் தட்டை நோக்கிக் கையை நீட்டியிருந்தார். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அதே கையால் உறையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். செருப்பு இருந்த பக்கம் திரும்பினார்.

"அந்த வழி இல்ல," என்றாள் தங்கமணி.

அவர் நின்றார்.

"ஏரிக்கர வழியா சுத்திக்கினு போங்க."

"முள்ளு கிள்ளு இருந்தா நவுத்திக்கினு போ," என்றார் முனியன். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

தெய்வசிகாமணி ஊர்ப் பக்கம் பார்த்தார். நேராகப் போனால் பத்து நிமிஷ நடையில் அவர் வீடு. செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம், கரையை நோக்கி நடந்தார்.

பாடையைத் தூக்கினார்கள். தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட வேண்டும். பறைச் சத்தம் இடுகாட்டுப் பக்கம் தேய்ந்துகொண்டே போயிற்று. மற்றவர்கள் திரும்பிய பிறகும் தங்கமணி திரும்பவில்லை. எதிரே, தொலைவில், மலையைப் பின்னால் வைத்துக்கொண்டு ஏரிக்கரை நீளமாகக் கிடந்தது. அதன்மேல் வெள்ளைச் சட்டை ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. வண்டிச் சக்கரம் பதிந்த தடத்திலேயேதான் நடந்தது.

மதகண்டை அது நின்றது. தங்கமணி ஓரடி முன்னே வைத்தாள். அப்பாவின் உயிர் போனது அங்கேதான் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவர் ஒற்றைக் காலில் நின்று, செருப்பைக் கழற்றி, எதையோ, முள்ளாக இருக்கலாம், பிடுங்கிப் போட்டார். மறுபடி மாட்டிக்கொண்டு நடந்தார்.

வீடு கழுவக் குஞ்சம்மாள் தண்ணீர் கேட்டாள். தங்கமணி உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்தாள். பன்னிரண்டை வைத்து, அதன்மேல் பதின்மூன்றை உறையோடு வைத்தாள். அவள் இன்னும் பதினொன்றில்தான் இருந்தாள். பெட்டியை மூடிவிட்டுக் குடத்தை எடுத்தாள்.